இணைப்பு இன்று, இடம் என்று?

விருதுநகர்க் கடைத்தெருவில் ஒருவர் புதிதாகப் பருப்பு மண்டி திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு நல்ல சரக்கு, விலையும் நியாயம். ஆனாலும் முதல் நாளே வெளியூர் வியாபாரி அவரைத் தேடி வந்துவிடுவாரா? வரமாட்டார். தமக்குத் தெரிந்த பழைய மண்டிக்காரர் ஒருவரிடம், "அந்தப் புதுக்கடை எப்படி?" என்று முதலில் விசாரிப்பார். "நம்பி வாங்கலாம்" என்று அந்த மூத்தவர் சொல்லிவிட்டால், பத்துப் பேர் சொன்னதற்கு அது சமம். சரி, அவருடைய சொல்லுக்கு மட்டும் அவ்வளவு எடை எங்கிருந்து வந்தது? மற்றப் பெரிய வியாபாரிகள் அவரை மதிப்பதால் வந்தது. அந்தப் பெரிய வியாபாரிகளின் சொல்லுக்கு எடை எங்கிருந்து வந்தது? அவர்களை வேறு பெரியவர்கள் மதிப்பதால் வந்தது!

இது ஒரு வட்டம் அல்லவா? பெரியவர் யார் என்று கேட்டால், பெரியவர்களால் மதிக்கப்படுபவர் என்று விடை வருகிறது. தருக்க நூலாசிரியர் இதைக் கண்டால் முகம் சுளிப்பார். ஆனால் கணித ஆசிரியர் மகிழ்ச்சி அடைவார்; ஏனெனில் இவ்வகை வட்டத்தைத் தீர்க்க அவரிடம் வழி உண்டு. இணையத்தில் நீங்கள் ஒரு சொல்லைத் தேடும்போது எந்தப் பக்கம் முதலில் வர வேண்டும், எது நாற்பதாவதாக வர வேண்டும் என்று தேடுபொறி முடிவு செய்வதில் இந்த வட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பு என்பது, "நம்பி வாங்கலாம்" என்று ஒரு வியாபாரி சொல்வதைப் போன்றது.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இயற்பியல் படித்த மாணவன் ஒருவன் ஆனி மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்தான். அவன் தந்தைக்குச் சிவகாசியில் ஒரு சிறிய அச்சகம். தினசரி காலண்டர் அடிப்பதுதான் முக்கியத் தொழில். சிவகாசியில் ஆடி பதினெட்டாம் பெருக்கு அன்று புத்தாண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது வழக்கம். அன்று தொடங்கி மார்கழி வரை ஆர்டர் வரும். அந்த ஐந்து மாதம்தான் அவர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான சோறு.

"சார், எங்க தளம் தேடினா நாலாவது பக்கத்துல வருது. ஒருத்தர் ஆயிரம் இணைப்பு போட்டு, முப்பதே நாள்ல முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்துடறேன்னு சொல்றாரு. இருபதாயிரம் கேட்கறாரு. அப்பா பாதி கொடுத்துட்டாங்க. மீதியைக் கொடுக்கலாமா?"

ஒரு இணைப்பு போட்டால் எத்தனை நாளில் பலன் தெரியும் என்பதுதான் அவன் கேள்வி. உடனே விடை சொல்ல எனக்கும் தெரியவில்லை. "ஒரு வாரம் பொறு" என்று சொல்லி அனுப்பிவிட்டு நான் படித்தும் கணக்கிட்டும் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புளியங்கொட்டைக் கணக்கு

1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் பேஜ்ரேங்க் என்னும் முறையை வெளியிட்டனர். அதை விளக்கும் அறிக்கையில் அவர்களுடன் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர் ராஜீவ் மோத்வானி. ஜம்முவில் பிறந்து அங்கே பேராசிரியராக விளங்கியவர். அவர்களுடைய சிந்தனை முற்றிலும் புதிது என்று சொல்வதற்கில்லை. ஓர் அறிவியல் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கத்தை யூஜின் கார்ஃபீல்டு 1960களிலேயே ஒரு பெரிய அட்டவணையாக்கியிருந்தார். மேற்கோள் காட்டுபவரின் தகுதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பின்ஸ்கி, நரின் என்ற இருவர் 1976இல் எழுதினார்கள். அந்த எண்ணத்தை இணையத்துக்குக் கொண்டு வந்ததுதான் பேஜ், பிரின் ஆகியோரின் வேலை.

சொல்லிக் கேட்பதைவிடச் செய்து பார்ப்பது மேல். 120 புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் சாக்கட்டியால் மூன்று வட்டம் போட்டு அ, ஆ, இ என்று பெயரிடுங்கள். இவை மூன்றும் மூன்று இணையப் பக்கங்கள். 'அ'விலிருந்து ஆ, இ இரண்டுக்கும் இணைப்பு உண்டு. 'ஆ'விலிருந்து 'இ'க்கு மட்டும். 'இ'யிலிருந்து 'அ'வுக்கு மட்டும். எது உயர்ந்தது என்று நமக்குத் தெரியாது. எனவே பாரபட்சமின்றி ஒவ்வொன்றிலும் 40 கொட்டைகள் வையுங்கள்.

விதி ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வட்டமும் தன்னிடமுள்ள கொட்டைகள் அனைத்தையும் தான் இணைப்புக் கொடுத்துள்ள வட்டங்களுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

முதல் சுற்று முடிந்தால் 'அ'வில் 40, 'ஆ'வில் 20, 'இ'யில் 60 இருக்கும். இரண்டாம் சுற்றில் 60, 20, 40. மூன்றாவதில் 40, 30, 50. நான்காவதில் 50, 20, 50. ஐந்தாவதில் 50, 25, 45. ஆறாவதில் 45, 25, 50. ஏழாவது சுற்றில் கொட்டையை உடைக்க வேண்டி வரும். அதன்பின் காகிதத்தில் தொடருங்கள். எண்கள் ஏறி இறங்கி, ஏற்ற இறக்கம் குறைந்துகொண்டே போய், 48, 24, 48 என்ற இடத்தில் வந்து அமரும். வில்சுருளில் தொங்கும் எடையை இழுத்து விட்டால் மேலும் கீழும் ஆடி ஓய்ந்து நிற்குமே, அதைப் போலத்தான். நீங்கள் தொடக்கத்தில் கொட்டைகளை எப்படிப் பிரித்து வைத்தாலும் முடிவு இதுவே. 'ஆ'விலேயே 120ஐயும் குவித்து வைத்துத் தொடங்கிப் பாருங்கள்.

முடிவை நன்றாகக் கவனியுங்கள். 'இ'க்கு இரண்டு இணைப்புகள் வருகின்றன. 'அ'வுக்கு ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் இரண்டும் சமம்! 'அ'வுக்கு வரும் அந்த ஒரே இணைப்பு, கனமான 'இ' தன் எடை முழுவதையும் தூக்கிக் கொடுக்கும் இணைப்பு. 'ஆ'வுக்கும் ஒரே இணைப்புதான். ஆனால் அது பாதிப் பங்கு. ஆயிரம் இணைப்பு போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், "எங்கிருந்து?" என்று கேட்க வேண்டியது ஏன் என்பது இதிலேயே விளங்கும்.

புதிதாக வருபவன்

இப்போது நான்காவதாக 'ஈ' என்று ஒரு வட்டம் போடுங்கள். இது நம் மாணவனின் அச்சகத் தளம். அது 'இ'க்கு இணைப்புக் கொடுக்கிறது; அதற்கு இணைப்புக் கொடுப்பார் யாருமில்லை. மேற்கண்ட விதிப்படி அதற்கு ஒரு கொட்டைகூடக் கிடைக்காது. இது நியாயமாகப் படவில்லை. பேஜும் பிரினும் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒரு வாசகர் 100 முறையில் 85 முறைதான் இணைப்பைப் பிடித்துக்கொண்டு நகர்வார். மற்ற 15 முறை சலித்துப்போய் ஏதேனும் ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுவார் என்று கொண்டார்கள். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் மொத்தக் கொட்டைகளில் 15 விழுக்காடு, அதாவது 18, எல்லாப் பக்கங்களுக்கும் சமமாகப் போகும். நான்கு பக்கம் என்றால் தலைக்கு நாலரை. எஞ்சிய 85 விழுக்காடு பழைய விதிப்படி இணைப்பு வழியே போகும்.

இந்தப் புது விதிப்படி கணக்கிட்டால் அ 44.7, ஆ 23.5, இ 47.3 என்று நிலைபெறும். 'ஈ'க்கு அந்த நாலரை மட்டும்தான். இப்போது 'அ' மனமிரங்கி 'ஈ'க்கும் ஓர் இணைப்புக் கொடுக்கிறது என்று வையுங்கள். மீண்டும் நிலைபெற்றபின் 'ஈ'யில் 16.5 கொட்டைகள். ஏறத்தாழ நான்கு மடங்கு! ஆனால் 'ஆ'வைப் பாருங்கள்: 23.5 ஆக இருந்தது 16.5 ஆகக் குறைந்துவிட்டது. 'ஆ' எந்தத் தவறும் செய்யவில்லை. மொத்தக் கொட்டை 120 மாறாதது. ஒருவர் பெற்றால் மற்றொருவர் இழந்தே ஆக வேண்டும். ஆற்றல் அழிவின்மை விதியை நினைவுபடுத்தும் இந்தச் செய்தி நம் கேள்விக்கு மிகவும் முக்கியம். நீங்கள் ஏறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது உங்களை மட்டும் பொறுத்ததன்று. உங்களுக்கு மேலே நிற்பவர் சும்மா இருக்கிறாரா, அவரும் இணைப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிறாரா என்பதையும் பொறுத்தது.

எத்தனை சுற்று ஆட வேண்டும்? 85 விழுக்காடு என்ற விதியால், ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சியுள்ள பிழை அதற்கு முந்தைய பிழையில் சுமார் 0.85 பங்குக்கு மிகாமல் சுருங்குகிறது. 0.85ஐ அதனாலேயே 43 முறை பெருக்கிப் பாருங்கள். ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஆகவே நாற்பது, ஐம்பது சுற்றுகள் போதும். அந்த 1998 அறிக்கையும் இதையே சொல்கிறது. 32 கோடியே 20 லட்சம் இணைப்புகள் கொண்ட வலைக்கு ஏறத்தாழ 52 சுற்றுகள் தேவைப்பட்டன. அதில் பாதி அளவு வலைக்கு 45. வலை இரு மடங்கானபோது ஏழே ஏழு சுற்றுகள்தாம் கூடின! 2 கோடியே 60 லட்சம் பக்கங்களுக்கான கணக்கு, அக்காலத்து நடுத்தரக் கணிப்பொறி ஒன்றில் சில மணி நேரத்தில் முடிந்தது.

அப்படியானால், அன்றே சில மணி நேரத்தில் முடிந்த கணக்கு இன்று எவ்வளவு விரைவில் முடியும்! பிறகு ஏன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள்? தாமதம் கணக்கில் இல்லை என்பது தெரிந்துவிட்டது. வேறு எங்கோ இருக்கிறது.

சிலந்தி வரும் நாள்

தேடுபொறி தேடும்போது இணையத்தைத் தேடுவதில்லை. அது முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் ஒரு மாபெரும் அட்டவணையைத்தான் தேடுகிறது. புத்தகத்தின் கடைசியில் பொருளகராதி இருக்குமே, அதைப்போல. அந்த அட்டவணைக்குச் செய்தி சேகரிப்பதற்காக ஒரு நிரல் இரவு பகலாக இணைப்பு இணைப்பாகத் தாவித் திரிந்துகொண்டிருக்கிறது. வலையில் திரிவதால் அதற்குச் சிலந்தி என்று பெயர். உங்களுக்கு இன்று ஒருவர் இணைப்புக் கொடுத்தாலும், சிலந்தி அந்தப் பக்கத்துக்கு மறுபடி வரும்வரை அந்த இணைப்பு உலகத்தில் இல்லாதது போலத்தான். விண்மீன் ஒன்று இன்று பிரகாசித்தாலும் அதன் ஒளி நம்மை வந்து சேர்ந்த பிறகே நமக்குத் தெரிகிறது அல்லவா?

சிலந்தி எல்லா இடத்துக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை. அடிக்கடி மாறும் செய்தித்தாள் தளத்துக்கு அடிக்கடி வரும். எவரும் எட்டிப் பாராத, மூன்று ஆண்டுகளாக மாறாத ஒரு பக்கத்துக்கு மாதங்கள் கழித்து வரலாம். ஒரு பக்கத்தை மீண்டும் பார்வையிடச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம் என்று கூகுள் தன் வழிகாட்டிக் குறிப்பிலேயே சொல்கிறது. அரை மணிக்கு ஒரு பேருந்து வரும் நிறுத்தத்தில் நேரம் பார்க்காமல் போய் நின்றால் சராசரியாகக் கால் மணி நேரம் நிற்க வேண்டி வரும். அதே கணக்குத்தான்: 30 நாளுக்கு ஒருமுறை சிலந்தி வரும் பக்கத்தில் உங்களுக்கு ஓர் இணைப்பு கிடைத்தால், அது கண்ணில் படச் சராசரியாக 15 நாள். அந்தப் பக்கமே புதிது என்றால், அதைக் கண்டுபிடிக்க அதற்கு வேறோர் இணைப்பு வழியே சிலந்தி வர வேண்டும். அங்கே இன்னொரு காத்திருப்பு. பேருந்து மாறிப் போகும் பயணம்போல இவை ஒன்றின்மேல் ஒன்று கூடும்.

ஒரு காலத்தில் இது இன்னும் மெதுவாக இருந்தது. 2003 வரை கூகுள் தன் அட்டவணையை ஏறத்தாழ மாதம் ஒருமுறைதான் மொத்தமாகப் புதுப்பித்து வந்தது. அந்த நாட்களில் தரவரிசை ஏறுமாறாக ஆடும். தளம் நடத்துவோர் அதைக் 'கூகுள் நடனம்' என்று அழைத்தார்கள். நம் கொட்டைகள் முதல் சில சுற்றுகளில் ஆடியது உங்களுக்கு நினைவு வரலாம். ஆனால் இதன் காரணம் வேறு. பழைய அட்டவணையும் புதிய அட்டவணையும் வெவ்வேறு கணிப்பொறிகளில் சில நாட்கள் கலந்து இருந்ததே இந்த நடனத்துக்குக் காரணம். பின்னர் அட்டவணை சிறிது சிறிதாக, இடைவிடாமல் புதுப்பிக்கப்படும் முறை வந்தது. 2010இல் வந்த மாற்றத்துக்குப்பின் அது மேலும் விரைவடைந்தது.

வேண்டுமென்றே காக்க வைப்பது

சிலந்தி கண்டுவிட்டது, கணக்கும் முடிந்துவிட்டது. உடனே இடம் உயர்ந்துவிடுமா? இங்கேதான் மனித குணம் குறுக்கிடுகிறது. இணைப்புக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்த மறுநாளே இணைப்பு வியாபாரம் தொடங்கிவிட்டது. ஒருவரே நூறு வெற்றுத் தளங்களை உண்டாக்கி, அவை ஒவ்வொன்றிலிருந்தும் காசு கொடுத்தவருக்கு இணைப்புக் கொடுக்கலாம். கொட்டைக் கணக்கில் பார்த்தால் அந்த வெற்றுத் தளம் ஒவ்வொன்றும் நம் பழைய 'ஈ'யைப் போன்றது. தாவி வரும் சிறு பங்கு மட்டுமே அதனிடம் உண்டு. ஆனால் சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கும் செல்லும்.

எனவே தேடுபொறி வேறு சிலவற்றையும் பார்க்கத் தொடங்கியது. இணைப்பு எப்போது தோன்றியது, எந்த வேகத்தில் பெருகுகிறது, தோன்றியது நிலைத்து நிற்கிறதா, மறைந்துவிடுகிறதா என்பவற்றையெல்லாம் மதிப்பீட்டில் சேர்க்கும் முறைகளை விவரித்து கூகுள் 2003இல் ஒரு காப்புரிமை விண்ணப்பம் செய்தது. 2008இல் அது வழங்கப்பட்டது. காப்புரிமையில் உள்ளதெல்லாம் நடைமுறையில் உள்ளது என்று கொள்ளக்கூடாது. ஆனால் ஓராண்டு காலமாக ஒன்றிரண்டாய் வந்த இணைப்பும், ஒரே இரவில் வந்த ஆயிரம் இணைப்பும் ஒன்றல்ல என்ற எண்ணம் அவர்களுக்கு அன்றே இருந்தது என்பது தெளிவு.

ஏற மாதங்கள் ஆகும். இறங்க எவ்வளவு நேரம்? 2011 பிப்ரவரியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஜே. சி. பென்னி என்ற அமெரிக்கக் கடை நிறுவனம் பல பொருள்களுக்கான தேடலில் மாதக்கணக்கில் முதலிடத்தில் இருந்து வந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அதற்கு இணைப்புகள் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் கண்டுபிடித்தது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது அந்த நிறுவனம். கூகுள் நடவடிக்கை எடுத்த மாலையில், ஒரு வகைப் பயணப் பெட்டிக்கான தேடலில் 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த அந்தத் தளம், இரண்டு மணி நேரம் கழித்து 71ஆம் இடத்தில் இருந்தது!

அடுத்த ஆண்டு, 2012 ஏப்ரல் 24 அன்று, 'பெங்குவின்' என்ற பெயரில் போலி இணைப்புகளைக் கண்டறியும் முறையைக் கூகுள் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்த முறை எப்போதாவது ஒருமுறைதான் இயக்கப்படும். அதில் அகப்பட்ட தளம் தன் போலி இணைப்புகளை எல்லாம் நீக்கித் திருந்தினாலும், அடுத்த முறை இயக்கப்படும்வரை தண்டனை தொடரும். 2014 அக்டோபரில் இயக்கியபின் மறுமுறை 2016 செப்டம்பரில்தான் இயக்கினார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்! சிறு வியாபாரி ஒருவர் யாரோ செய்த வேலைக்காக அவ்வளவு காலம் கடையை எப்படி நடத்தியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அதன்பின் அது இடைவிடாமல் இயங்குவதாக மாற்றப்பட்டது; போலி இணைப்புக்குப் பெரும்பாலும் தண்டனை இல்லை, மதிப்பு இல்லை, அவ்வளவே. கொடுத்த காசு கொடுத்ததுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா இணைப்பும் எடையைக் கடத்துவதில்லை. "இதை நான் பரிந்துரைக்கவில்லை" என்று தேடுபொறிக்குத் தெரிவிக்கும் ஒரு குறியை இணைப்போடு சேர்க்கும் வழக்கம் 2005இல் வந்தது. விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளில் 2007 முதல் இந்தக் குறி உண்டு. தம் கடையின் முகவரியை அங்கே செருகிவிட்டுப் பலனுக்காகக் காத்திருப்பவர்கள் இதை அறிந்திருந்தால் விக்கிப்பீடியாவில் உழைப்பவர்களுக்குத் துப்புரவு வேலையாவது குறையும்.

ஆகக்கூடி எத்தனை மாதம்?

ஒரே எண்ணாக விடை சொல்பவரை நம்பாதீர்கள். தளத்தைச் சீர்செய்து அதன் பலனைக் காண்பதற்குப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று கூகுளின் அலுவலர் ஒருவர் 2017இல் ஒரு விளக்கப் படத்தில் சொன்னார். அதே ஆண்டு அஹ்ரெஃப்ஸ் என்ற நிறுவனம் புதிய பக்கங்கள் பலவற்றை ஓராண்டு தொடர்ந்து கவனித்தது. அவற்றில் 5.7 விழுக்காடுதான் ஏதேனும் ஒரு தேடுசொல்லுக்காவது அந்த ஓராண்டுக்குள் முதல் பத்து இடங்களில் வந்தன.

இந்த எண்களைப் பார்க்கும்போது இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அழுத்தத்தை மாற்றும்போது வெப்பநிலையை மாறாமல் வைத்துக்கொள்கிறோம். இங்கே அது நடவாது. இணைப்பு வந்த அதே மாதத்தில் தளத்தின் எழுத்தும் மாறியிருக்கும். எதிர்க்கடைக்காரர் தம் தளத்தை மூடியிருப்பார். தேடுபொறியே தன் விதிகளை மாற்றியிருக்கும். பேஜ்ரேங்க் இன்று பல அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. உயர்வு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். "என் இணைப்பால்தான் உயர்ந்தது" என்று சொல்லிக் காசு வாங்குவது மட்டும் எளிது.

ஒன்று சொல்லலாம். போட்டி குறைந்த இடத்தில் காலமும் குறையும். 'காலண்டர்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தனியாகத் தேடினால் உலகமே அங்கே வரிசையில் நிற்கிறது. 'சிவகாசி தினசரி காலண்டர் மொத்த விலை' என்று தமிழில் தேடினால் நிற்பவர் சிலரே. அவர்களிடமுள்ள கொட்டைகளும் குறைவு. ஒரே ஒரு நல்ல இணைப்பு அங்கே இரண்டு மூன்று இடம் தூக்கிவிடக்கூடும்.

தீபாவளியை ஒட்டிப் பார்த்தால் இதன் மறுபுறம் தெரியும். பட்டாசுக்கு இணையத்தில் ஆர்டர் பெறவும் விற்கவும் மின்வணிகத் தளங்களுக்கு 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இருந்தும் தீபாவளி நெருங்கினால் சிவகாசியின் பெயரைச் சொல்லிக்கொண்டு புதுத்தளங்கள் முளைக்கின்றன. பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் போலித் தளங்களைப் பற்றித் தமிழகக் காவல்துறையும் எச்சரித்துள்ளது. சில வாரம் முன்பு பிறந்த தளம் எப்படித் தேடலில் தலைமேல் வந்து உட்கார்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உற்றுப் பாருங்கள். முதலில் வருபவற்றின் அருகே விளம்பரம் என்று பொருள்படும் சிறு குறிப்பு இருக்கும். அந்த இடத்துக்கும் கொட்டைக் கணக்குக்கும் தொடர்பே இல்லை. அது காசு கொடுத்துச் சில மணி நேரத்தில் வாங்கும் இடம். கண்ணுக்கு மேலே இருப்பதெல்லாம் பலர் நம்புவதால் மேலே இருப்பதன்று. வீட்டில் பெரியவர்கள் யாராவது கைப்பேசியில் பட்டாசு தேடினால் அந்தச் சிறு குறிப்பை அவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள்.

மாணவனுக்கு ஒரு வாரம் கழித்து நான் சொன்னது இதுதான். பதினெட்டாம் பெருக்குக்கு இருபது நாள்கூட இல்லை. சிலந்தி வந்து போகவே அது போதாது. ஆடியில் பலன் வேண்டுமென்றால் தை மாதமாவது தொடங்கியிருக்க வேண்டும். மீதிப் பத்தாயிரத்தைக் கொடுக்காதே. கொடுத்தது போகட்டும்.

அவன் முகம் வாடிவிட்டது. அந்த ஆண்டு அவர்கள் வழக்கம்போல் ஏஜெண்டுகளை நம்பித்தான் ஆர்டர் பிடித்தார்கள். அந்த ஆயிரம் இணைப்புகளில் ஏறத்தாழ எழுநூறு வந்தன. தளம் நாலாவது பக்கத்திலிருந்து அசையவில்லை. கார்த்திகையில் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை மறைந்திருந்தன. தை பிறந்ததும் அவன் வேறு வழியில் இறங்கினான். தேதித்தாள் அடிப்பது, அட்டையில் படம் ஒட்டுவது, தகரம் அடிப்பது வரை ஒரு தினசரி காலண்டர் எப்படி உருவாகிறது என்று படங்களோடு எழுதித் தளத்தில் போட்டான். அச்சுத்தொழில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களுக்கான பக்கத்தில் அதற்கு இணைப்புக் கொடுத்தார். பல ஆண்டுகளாக இவர்களிடம் காலண்டர் வாங்கும் கடைக்காரர்கள் சிலர் தங்கள் தளங்களில் கொடுத்தார்கள். மொத்தம் ஒன்பது இணைப்புகள். பங்குனியில் மூன்றாம் பக்கத்துக்கு வந்தான். அடுத்த ஆடியில் இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தான். முதல் பக்கத்தை இன்னும் எட்டவில்லை. அவனுக்கு மேலே இருக்கும் அச்சகமும் அதே தெருவில்தான் இருக்கிறதாம். அவர்களும் இப்போது எழுத ஆரம்பித்துவிட்டார்களாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு. மூன்று வட்ட விளையாட்டில் 'ஆ' தன் இணைப்பை 'இ'யிலிருந்து எடுத்து 'அ'வுக்கு மாற்றிவிடுகிறது. மற்றவை பழையபடியே. 40, 40, 40 என்று தொடங்கி முதல் விதிப்படி ஆடிப் பாருங்கள். எத்தனை சுற்று ஆடினாலும் கொட்டைகள் நிலைபெறா; ஏன்? பிறகு 15 விழுக்காடு தாவும் விதியைச் சேர்த்து, தலைக்கு 6 கொட்டை என்று வைத்துக்கொண்டு ஆடுங்கள். இப்போது நிலைபெறும். 'அ'வில் 58க்குச் சற்று மேலும், மற்ற இரண்டில் 31க்குச் சற்றுக் குறைவாகவும் வந்தால் உங்கள் விடை சரி.